உச்ச நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ராட்டினம்

தில்லி மெட்ரோவின் நீலத் தடத்தில் பிரகதி மைதான் என்றொரு நிலையம் இருந்தது. இப்போது அதன் பெயர் உச்ச நீதிமன்றம். இறங்கி மதுரா சாலைக்கு வந்தால் கறுப்பு அங்கி போட்டவர்களும், கோப்புக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஓடும் குமாஸ்தாக்களும், சோதனை வாசலில் பையைத் திறந்து காட்டும் கட்சிக்காரர்களும் கண்ணில் படுவார்கள். நீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகம் அங்கேதான் இருக்கிறது. 2019 ஜூலையில் திறந்தார்கள். பரப்பு 12 ஏக்கருக்குச் சற்று மேல். சாலைக்கு அடியே பாதை போட்டு அதைப் பழைய கட்டடத்தோடு இணைத்திருக்கிறார்கள். 1984 முதல் 2008 வரை அந்த நிலத்தில் அப்பு கர் இருந்தது.

அப்புவின் வீடு என்று பொருள். இந்தியாவின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று அதைச் சொல்வார்கள். எண்பதுகளில் தில்லியில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இரண்டு பேர் எந்த ஊரில் சந்தித்துக்கொண்டாலும், வேலை, சம்பளம், பெற்றோர் உடல்நிலை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, பேச்சு அங்கே போய் நிற்கும். போயிருக்கிறாயா என்று கேட்கமாட்டார்கள். எதில் ஏறினாய் என்று கேட்பார்கள்.

இந்தப் பேச்சுக்கு ஒரு வாய்பாடு உண்டு. ஜெயண்ட் வீல் உச்சியில் நின்றுபோனது, கொலம்பஸில் வாந்தி எடுத்த சித்தப்பா, மை ஃபேர் லேடியில் கழன்று விழுந்த செருப்பு, சட்டையில் ஒட்டிய பஞ்சுமிட்டாய், வெளியே வரும்போது யாரோ ஒரு தங்கை போட்ட கூச்சல். கடைசியில் ஒருவர் பெருமூச்சு விட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மாலும் மொபைலும்தான் என்பார். நானும் இதில் கலந்துகொள்கிறவன்தான்; பல நேரம் ஆரம்பித்துவைப்பதே நான்தான். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இந்தப் பேச்சில் யாரும் தேதி சொல்வதில்லை. எல்லோரும் சேர்ந்து அந்த இடத்தை ஆண்டு, மாதம் எதுவும் இல்லாத ஒரு காலத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். அது திறந்த நாள் 1984 நவம்பர் 19. அந்தத் தேதி எதனோடு சேர்ந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அப்பு கர் பழையபடி இல்லை. கெட்டுப்போகவும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் யானையைச் சொல்ல வேண்டும். 1982இல் தில்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. தொடக்க விழா நவம்பர் 19. இந்திரா காந்தியின் பிறந்தநாள். போட்டியின் சின்னமாக ஒரு குட்டி யானையை வைத்தார்கள். அதுதான் அப்பு. பென்சில் டப்பாவில் அப்பு, சாவிக்கொத்தில் அப்பு, காலண்டரில் அப்பு. எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குவளையில் இருந்த அப்புவின் துதிக்கை தேய்ந்து மறையும்வரை அதில்தான் நான் பால் குடித்தேன்.

நாங்கள் லோதி காலனியில் இருந்தோம். வெள்ளைக்காரர்கள் போகிறதற்கு முன்பு கடைசியாகக் கட்டிய அரசுக் குடியிருப்பு அது: வளைவு வாசல், உயரமான கூரை, வீடுகளுக்கு நடுவே புல்வெளி. இப்போது அந்தச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் காலத்தில் சுவர்கள் வெறுமனே சுவர்களாக இருந்தன. அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எழுந்தது. ராத்திரியெல்லாம் விளக்குப் போட்டு வேலை நடக்கும். தூக்கம் கெடுகிறது என்று அப்பா முணுமுணுப்பார். ஆனால் சாயங்காலம் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று காட்டுவதும் அவர்தான். வேலையாட்களின் பிள்ளைகள் மணல் மேட்டில் புரண்டுகொண்டிருப்பார்கள். சிலர் தலையில் செங்கல் இருக்கும். எனக்கு ஆறு வயது. அவ்வளவு பெரிய மணல் மேடு நமக்கு இல்லையே என்று பொறாமையாக இருந்தது.

அந்த வேலையாட்களுக்காக பி.யு.டி.ஆர். என்ற மக்கள் உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். சட்டம் படிக்கிறவர்கள் இதை ஆசியாட் வழக்கு என்பார்கள். குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்து வந்த ஜமாதார்கள் தலைக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைக் கையில் கொடுத்தார்கள் என்பது புகார்களில் ஒன்று. 1982 செப்டம்பர் 18 அன்று நீதிபதி பகவதியின் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினால் அது அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றார். கட்டட வேலை ஆபத்தான வேலை, 14 வயதுக்குக் குறைந்தவர்களை அதில் சேர்க்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. போட்டி தொடங்க இரண்டு மாதம் இருந்தது. மணல் மேட்டுப் பிள்ளைகளின் தலையில் இருந்த செங்கல்லுக்கு இந்திய சட்டத்தில் ஒரு இடம் கிடைத்ததை, சட்டக் கல்லூரியில் படித்த ஒரு சிநேகிதி சொல்லித்தான் நான் அறிந்தேன், பல வருஷம் கழித்து.

எங்களுக்கு ஆசியாட் என்றால் பக்கத்து பிளாக்கில் வந்து இறங்கிய கலர் டிவி, பி.டி. உஷா வாங்கிய இரண்டு வெள்ளி, ஹாக்கி இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் 7–1 என்று தோற்ற அன்று காலனியே சாப்பிடாமல் படுத்தது. அவ்வளவுதான்.

அதிலிருந்து இரண்டு வருஷம். 1984 அக்டோபர் 31 புதன்கிழமை இந்திரா காந்தியை அவருடைய சீக்கியக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். பள்ளியை முன்னதாகவே விட்டார்கள். மறுநாள் போகல் பக்கம் புகை தெரிந்தது. எங்கள் மாடியில் ஒரு சீக்கியக் குடும்பம். அங்கிளும் அப்பாவும் ஒரே பஸ்ஸில் ஆபீஸ் போகிறவர்கள். அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், வாசலில் இருந்த அவர்கள் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் அரிசி டின்னுக்குள் புதைத்தார். அந்த நாட்களில் அவர்கள் எங்கள் உள்ளறையில் இருந்தார்கள். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தோம். துக்க இசைதான் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் பையன் என் வகுப்பு. இரண்டாம் நாள் ராத்திரி, என் அம்மா ஜாக்கெட் துணி வெட்டும் கத்திரிக்கோலை வாங்கி ஆண்ட்டி அவன் முடியை வெட்டினார். அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெட்டிய முடியை என்ன செய்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. அவனை இங்கே நண்பன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த நாட்களில் தில்லியில் கொல்லப்பட்ட சீக்கியர்கள் அரசாங்கக் கணக்குப்படி 2,733 பேர். ஆற்றைத் தாண்டிய திரிலோக்புரியில்தான் மிக மோசம். நவம்பர் நடுவில் நிவாரண முகாம்களைக் காலி செய்யச் சொல்லி நெருக்கினார்கள். போக வீடு இல்லாதவர்கள் அங்கேயே கிடந்தார்கள்.

பிறகு 19ஆம் தேதி. கொல்லப்பட்ட பிரதமரின் பிறந்தநாள். போட் கிளப் புல்வெளியில் பெருங்கூட்டம். ஒரு பெரிய மரம் விழும்போது சுற்றியுள்ள நிலம் கொஞ்சம் அதிரத்தான் செய்யும் என்ற பொருளில், பிரதமராகியிருந்த அவர் மகன் ராஜீவ் காந்தி பேசியது அன்றுதான். இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பேச்சு. அதே நாளில், அதே பிரதமர், அப்பு கரைத் திறந்துவைத்தார். புல்வெளிக்கும் பூங்காவுக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும். நகரம் எரியத் தொடங்கி பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

இதில் சூது இருந்தது என்று நான் நினைக்கவில்லை. ராட்டினங்களைப் பதினெட்டு நாளில் நட்டுவிட முடியாது. வேலை வெகுநாளாக நடந்திருக்கும். விளையாட்டுப் போட்டி தொடங்கிய அதே தேதி, அதே பிறந்தநாள் என்று யாரோ ஒரு அதிகாரிக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கும். அரசாங்கக் காலண்டர் துக்கம் பார்ப்பதில்லை. என்னை உறுத்துவது அதுவல்ல. குழந்தைகளுக்கான ஒரு இடம் அந்த மாதத்தில், அந்தக் கையால் திறக்கப்பட்டது. நாங்கள் எல்லோரும் அதற்குள் ஓடினோம். எங்களைக் கூட்டிக்கொண்டு போன பெரியவர்களும் ஓடினார்கள். ஓடவேண்டிய தேவை அவர்களுக்குத்தான் எங்களைவிட அதிகமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து அந்தக் குளிர்காலத்திலேயே போனோம். யோசனை ஆண்ட்டியுடையது. அம்மா புளியோதரை கட்டிக்கொண்டார்; ஆண்ட்டி வீட்டில் ஆலு பராத்தா. மதுரா சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பனிமூட்டத்துக்குள் ராட்டினத்தின் மேல்பாதி தெரியவில்லை. உள்ளே போக ஒரு சீட்டு, ஒவ்வொன்றிலும் ஏறத் தனித்தனிச் சீட்டு. அப்பா இதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. மத்திய அரசு குமாஸ்தாவின் பார்வையில் அனுமதி என்பது ஒருமுறை வாங்கினால் போதுமானது.

ஜெயண்ட் வீலில் கீழே ஆள் ஏற்றும் நேரத்தில் உச்சியில் நிறுத்திவைப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் நான் தில்லியைப் பார்த்தேன் என்று சொல்லலாம். அதற்கு முன்பு பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தேன். ஒரு பக்கம் உச்ச நீதிமன்றத்தின் குவிமாடம். இன்னொரு பக்கம் புராணா கிலாவின் சுவர். காலடியில் பிரகதி மைதான். அதில் ராஜ் ரேவால் வடிவமைத்த ஹால் ஆஃப் நேஷன்ஸ், கான்கிரீட்டில் முக்கோணம் முக்கோணமாக அடுக்கியது. அப்பால் இந்திரப்பிரஸ்தா அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். திலக் பாலத்தைத் தாண்டி மெதுவாகப் போகும் ரயில், அது ஜி.டி. எக்ஸ்பிரஸாக இருக்கும் என்று நான் தங்கையிடம் சாதித்தேன், நாம் கோடையில் ஊருக்குப் போகிற ரயில் என்று. மின்நிலையத்தை 2009 கடைசியில் மூடினார்கள். ஹால் ஆஃப் நேஷன்ஸை 2017 ஏப்ரலில் ஒரு ராத்திரியில் இடித்தார்கள். சுதந்திர இந்தியா கட்டியவற்றில் எனக்கு மிகப் பிடித்த கட்டடம் அது, அதற்காக வருந்தியவர்கள் பெரும்பாலும் கட்டடக் கலைஞர்கள் மட்டும்தான். ராட்டினத்தின் உச்சியிலிருந்து கண்ட தில்லியில் இப்போது கோட்டையும் நீதிமன்றமும் ரயிலும் மிச்சம்.

கொலம்பஸ் வேறு ரகம். கப்பல் வடிவத்தில் பெரிய ஊஞ்சல். அதன் அடியில் ஒரு டயர் சுழல்கிறது. கப்பலின் அடிவயிறு அதன்மேல் வரும்போதெல்லாம் டயர் உரசித் தள்ளிவிடுகிறது. தள்ளத் தள்ள வீச்சு கூடும். பிறகு நிறுத்துவதும் அதே டயர்தான். பொறியியல் படித்த பிறகுதான் இதைப் புரிந்துகொண்டேன், அன்றைக்கு மந்திரம். முனை இருக்கைகளுக்குத்தான் உயரம் அதிகம். அங்கே உட்கார்ந்தால் உச்சியில் ஒரு கணம் உடம்புக்கு எடை போய்விடும், இறங்கும்போது வயிறு மட்டும் மேலேயே தங்கிவிடும். நடுவில் உட்காருகிறவர்கள் காசு கொடுத்துக் காற்று வாங்குகிறவர்கள்.

நாங்கள் முனையில் உட்கார்ந்தோம், நானும் அவனும். கப்பல் உயர ஆரம்பித்தது. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். ஒவ்வொரு முறை உச்சிக்குப் போகும்போதும் அவன் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்தான். சீக்கியப் பிள்ளைகள் தலையில் கட்டும் துணியான பட்கா அவிழாமல் பிடித்துக்கொள்கிற பழக்கம். பள்ளி மைதானத்தில் ஓடும்போது, சறுக்கு மரத்தில் இறங்கும்போது அவன் கை தானாக அங்கே போவதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். இப்போது பட்காவும் இல்லை, முடிச்சும் இல்லை. குட்டையான முடியைப் பிடித்துக்கொண்டு அவன் சிரித்துக்கொண்டே கத்தினான். கீழே ஆண்ட்டியும் அம்மாவும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியதும் அவன் சொன்னது: இன்னொரு தடவை.

பிற்காலத்தில் 19ஆம் தேதியின் முழுக்கதையை ஒரு புத்தகத்தில் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த இரண்டு கைகள்தான். அதிலிருந்து யார் அப்பு கர் என்று சொன்னாலும் அவை வந்துவிடும். அந்தப் பேச்சில் நான் இதைச் சொன்னதில்லை. சொன்னால் சபை கலைந்துவிடும்.

கோடையில் திருநெல்வேலிப் பக்கம் தாத்தா ஊருக்குப் போவோம். அங்கே அம்மன் கொடைக்கு ராட்டினம் வரும். மரத் தொட்டில்கள், கையால் தள்ளுவார்கள். தள்ளுகிறவர் களைத்துப்போனால் நாம் இறங்க வேண்டியதுதான். திருவிழா முடிந்த மறுநாள் அந்த இடத்தில் நான்கு குழியும் கொஞ்சம் எண்ணெய்க் கறையும் இருக்கும். அதற்காக ஊரில் எவரும் ஏங்கியதாக எனக்குத் தெரியவில்லை. ராட்டினம் வரும், போகும். அடுத்த வருஷம் அம்மன் வரும்போது அதுவும் வரும். கேளிக்கைப் பூங்கா என்பது ராட்டினத்தைச் சாமியிடமிருந்து பிரித்து, கான்கிரீட் போட்டு ஒரே இடத்தில் நிறுத்திவைக்கிற காரியம். எந்த நாள் வந்தாலும் இருப்பேன் என்று அது வாக்குக் கொடுக்கிறது. மூடிய பூங்காக்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறோம், போய்விட்ட திருவிழா ராட்டினங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்றால் அதற்கு இதுதான் காரணமாக இருக்கும். குடியிருப்புக்குக் குடியிருப்பு மாற்றலாகிக்கொண்டே இருந்த அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு, இடம் மாறாத ஒன்று ஊரில் இருந்தது என்பதே பெரிய விஷயம். பள்ளி மாறியது, வீடு மாறியது, பிளாக் நம்பர் மாறியது. அப்பு கர் மதுரா சாலையில் இருந்தது.

தொண்ணூறுகளில் அது கொஞ்சம் கொஞ்சமாக அழுக்கானது. நவம்பர் 14 முதல் 27 வரை பிரகதி மைதானில் வர்த்தகக் கண்காட்சி நடக்கும். தில்லித் தமிழர்களுக்கு அது ஒரு யாத்திரை. தமிழ்நாடு அரங்கில் கோ-ஆப்டெக்ஸ் துணியைத் தொட்டுப் பார்த்து, பூம்புகார் விளக்குகளின் விலையைக் கேட்டுத் திகைத்து, யாரையாவது ஊர் விசாரித்துவிட்டு வெளியே வந்தால் பக்கத்தில் அப்பு கர். பெரியவர்கள் கால் வலிக்கிறது என்பார்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள். கல்லூரிக் காலத்தில் அது காதலர்களின் இடமாகிவிட்டது. ராட்டினத்தின் கூண்டு மேலே நிற்கும் அந்த ஒரு நிமிஷத்துக்கு வேறு பயன்கள் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். பிறகு ஆயிஸ்டர்ஸ் என்று ஒரு நீர்ப்பூங்காவும் உள்ளே வந்தது. அதற்கு நான் போனதில்லை. அது எனக்கு அடுத்த தலைமுறையின் அப்பு கர். அவர்கள் வேறு வாய்பாட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

குத்தகை, நிலம், வழக்கு என்று பத்திரிகையில் செய்தி வரத் தொடங்கியபோது அது முடிந்துவிட்டது என்று தெரிந்துபோயிற்று. உச்ச நீதிமன்றத்துக்கு இடம் போதவில்லை. எதிரே இருந்த நிலத்தை அதற்கு ஒதுக்கினார்கள். 2008 பிப்ரவரியில் பூங்காவை மூடினார்கள். நீதிமன்றத்துக்கு இடம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. வழக்குக் கட்டுகளை வைக்கவே அறை இல்லாமல் தவித்தார்கள். கேளிக்கையைக் காட்டிலும் நீதிக்கு இடம் முக்கியம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆசியாட் தொழிலாளர்களுக்குத் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்திடமே ஆசியாட் யானையின் வீடு கடைசியில் போய்ச் சேர்ந்தது என்பதில் ஒரு கணக்கு நேராவதைக் காண விரும்புகிறவர்கள் காணலாம். எனக்கு அதில் ஒரு நில ஒதுக்கீட்டுக் கோப்புக்கு மேல் எதுவும் தெரியவில்லை. குர்கானில் 29ஆம் செக்டரில் அதே பெயரில் ஒரு பூங்கா வந்தது. பெயரை நட்டுவைக்கலாம். மதுரா சாலையை நடமுடியாது.

யானைக்கும் ஒரு முடிவு உண்டு. அப்புவாக நின்ற உண்மையான யானை கேரளத்துக் குட்டிநாராயணன். ஆசியாட் காலத்தில் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. சிறுவயதிலேயே கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டது. அந்தக் கால் கடைசிவரை சரியாகவே இல்லை. 2005இல் செத்துப்போனது. தில்லியில் அதன் பெயரில் ராட்டினங்கள் அப்போது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

நாங்கள் அப்பு கர் போன நாட்களில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு அக்கா வருவார். ஜங்புராவில் சாக்கடைக் கரையோரம் இருந்த மதராசி கேம்ப்பில் குடியிருந்தார். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பல பத்தாண்டுகளாகக் குடிசை போட்டிருந்த இடம். அவர் மகளுக்கு என் வயது. சில நாள் அம்மாவோடு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து என் பழைய பாடப்புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். அப்பு கர் போகலாம் என்று முடிவானபோது அவளையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறது. அப்பா மனசுக்குள் சீட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஸ்டேடியத்திலிருந்து அந்தக் கேம்ப் கூப்பிடு தூரம். 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின் பேரில் அதை இடித்தார்கள். பாராபுல்லா வாய்க்காலைத் தூர் வாரவேண்டுமாம். தகுதி உள்ளவர்கள் என்று பட்டியல் போட்டு, நகரத்தின் மறுகோடியில் நரேலாவில் வீடு கொடுத்தார்கள். பட்டியலில் வராதவர்கள் பலர். தில்லியில் ஒரு இடம் போனால் கட்டுரை எழுதுகிறோம், இன்னொரு இடம் போனால் பட்டியல் எழுதுகிறார்கள். அப்பு கருக்காக நான் வருந்தும்போதெல்லாம் அந்தத் திண்ணையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வரட்டும். ஒரு பூங்காவை நினைத்துக்கொள்வதற்கு வாசலில் நின்றவர்களை மறக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

ஆனால் இப்படி எழுதிக்கொண்டு வரும்போது ஒரு சந்தேகமும் வருகிறது. நினைவேக்கத்தைத் திருத்த வருகிறவனிடம் ஒரு திமிர் உண்டு. மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது இவன் மட்டும் வரலாற்றைப் பார்த்தவன் என்கிற பாவனை. அதனால் இதை முடிப்பதற்கு முன்பு நண்பனைக் கூப்பிட்டேன். அவன் பிராம்ப்டனில் இருக்கிறான். கல்லூரிக்குப் போகும்போதே மறுபடி முடி வளர்த்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டான். இப்போது தாடி பாதி நரைத்துவிட்டது. நாங்கள் எப்போதும்போல் இந்தியில்தான் பேசிக்கொண்டோம். கொலம்பஸ், முனை இருக்கை, தலைக்குப் போன கைகள் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக.

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"கையா? எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லையே. அன்றைக்கு என்ன குளிர் தெரியுமா? காதைப் பொத்தியிருப்பேன்."

"காதை இல்லை, தலையை."

"சரி, தலையை. முடி வெட்டினால் தலை குளிரத்தானே செய்யும்?" அவன் சிரித்தான். முடி வெட்டியது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதைப் பற்றி அவன் பேச விரும்பவில்லை என்றில்லை. போன வருஷம் அவன் மகன் பள்ளிக்கூடத்தில் 1984 பற்றிப் பேசக் கூப்பிட்டு, போய் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்திருக்கிறான். கத்திரிக்கோல், அரிசி டின், என் அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் அந்தப் பேச்சில் வந்ததாம். "அங்கே அப்பு கரைப் பற்றிச் சொன்னாயா?" என்று கேட்டேன். "அதை எதற்கு அங்கே சொல்ல வேண்டும்?" என்றான். "அது நாம் விளையாடின இடம்."

பிறகு அவன் தன் கேள்வியைக் கேட்டான். கொலம்பஸில் இரண்டாவது தடவை ஏறினோமே, அந்தச் சீட்டுக்கு யார் காசு கொடுத்தது? என் அப்பா என்றேன். இல்லவே இல்லை, லோஹ்ரியில் எனக்குக் கிடைத்த காசைத்தான் எடுத்துக் கொடுத்தேன், நீ திருப்பித் தருகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டாய் என்றான். லோஹ்ரிப் பண்டிகை ஜனவரி நடுவில் வருகிறது, நாம் போனது அதற்கு முன்பு என்றேன். பின்பு என்றான். பள்ளி விடுமுறை எப்போது முடிந்தது, பனிமூட்டம் எந்த வாரம், ஸ்வெட்டர் என்ன நிறம் என்று வாதாடிப் பார்த்தோம். தீரவில்லை. அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று போனைக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஆண்ட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. கேள்வியை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும், காசெல்லாம் எனக்குத் தெரியாது, அன்றைக்கு உன் அம்மா கொண்டுவந்த புளிச்சோற்றை நீங்கள் இரண்டு பேரும் வழித்துத் தின்றுவிட்டீர்கள், நானும் அவளும் உட்கார்ந்து ஆறிப்போன பராத்தாவைத்தான் தின்றோம் என்றார்.